ஒட்டிக் கிழித்த நோட்டீஸ்

என் அக்காவின் டிராக்டரை அரசுடைமையாக்கி ஏலம் விடப்போகிறோம் என்று ஊருக்கு அறிவித்த நோட்டீஸை ஒட்டியவன் நான்தான். ஊருக்கு அறிவித்த என்று எழுதும்போதே கை கூசுகிறது. ஊருக்கு எங்கே அறிவித்தேன்? ஒரு சுவருக்கு அறிவித்தேன். அதுவும் ஒரு டீ ஆறுகிற நேரத்துக்கு.

தாலுகா ஆபீசில் எனக்கு உதவியாளர் வேலை. எந்த வட்டம் என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மண் கடத்தியதாகப் பிடிபடும் வண்டிகளின் காகிதங்கள் சில வருடங்கள் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. லாரி, டிராக்டர், மாட்டுவண்டி எல்லாம் அதில் உண்டு. ஒரு வண்டியை அரசு எடுத்துக்கொள்ள, யாரோ குற்றவாளி என்று கோர்ட் சொல்லவேண்டும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் வேலைக்கு வருமுன் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் நடைமுறையில் அதெல்லாம் வேண்டியதில்லை. இத்தனை நாளுக்குள் உரிமையாளர் வந்து கேட்கவேண்டும் என்று ஒரு நோட்டீஸ். கேட்கவில்லையென்றால் வண்டி சர்க்காருடையது. அப்புறம் ஏலம்.

ஆகவே நோட்டீஸ்தான் முக்கியம். அந்த நோட்டீஸை ஒட்டுவதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. ஒட்டு, போட்டோ எடு, கிழி. பசை கிடையாது, மூலைக்கு ஒரு துண்டு செல்லோடேப், அப்போதுதான் சுத்தமாக உரிந்து வரும். தலையாரி காகிதத்தைச் சுவரில் வைத்துப் பிடிப்பார், நான் போனில் படம் எடுப்பேன், அவர் உரித்துச் சுருட்டிக் கொடுப்பார். போட்டோ ஃபைலுக்குப் போகும். ‘தண்டோரா மூலமும் அறிவிக்கப்பட்டது’ என்று ஒரு வரி சேர்ப்போம். தண்டோரா போட்டவர் அந்த ஊரில் செத்துப் பல வருடமாகியிருக்கும். ஏன் கிழிக்கவேண்டும் என்று ஒருநாள் தலையாரியிடம் கேட்டேன். “இருந்தா நாலு பேரு படிப்பான் சார். படிச்சா ஒருத்தன் என் வண்டிம்பான், இன்னொருத்தன் நானும் ஏலம் கேக்குறேம்பான். ரெண்டும் நமக்குத்தான சார் ரோதன?” என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கு என்னையே நாலு அறை அறையவேண்டும்போல் இருக்கிறது.

எனக்குக் கூடப்பிறந்தவள் அக்கா ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். அக்கா எட்டாம் வகுப்போடு நின்று அம்மாவுடன் நடவுக்குப் போனாள், நான் படித்தேன். இதை அவள் ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் என் ஆபீசிலிருந்து அரைமணி நேர பஸ் பயணம். மச்சான் குவைத்தில் இருக்கிறார். ஊரில் குத்தகைக்கு எடுத்த நிலத்தை அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு நெடுநாளாக ஒரு எரிச்சல் உண்டு. டிராக்டர் வைத்திருப்பவர்கள் அவரவர் வயலை உழுது, சொந்தக்காரன் வயலை உழுது, கடைசியில் எங்கள் தெருக்காரர்களின் வயலுக்கு வருவார்கள். அதற்குள் நாற்று முற்றிவிடும். “நம்ம வயலுக்கு மட்டும் எப்பவும் கடேசி உழவுதாண்டா. சோத்துப் பந்தியிலதான் கடேசின்னா, சேத்துலயும் கடேசியா?” என்பாள். மச்சான் அனுப்பியதைச் சேர்த்து, பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரரிடமிருந்து பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினாள். எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் டிராக்டர். அந்த வருடம் சம்பாவுக்கு முதல் சேற்றுழவு அவள் வயலில்தான் நடந்தது. வரப்பில் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டு, எதுவும் பேசாமல் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்கவைத்தாள்.

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாற்றவில்லை. எங்கள் பக்கம் பழைய டிராக்டர் கைமாறும்போது பாதிப் பேர் மாற்றுவதில்லை. விற்றவரின் கையெழுத்துப் போட்ட ஃபாரம் ஒன்று பெட்டிக்குள் கிடக்கும், அதுவே போதும் என்பார்கள். அக்கா மாற்றத்தான் சொன்னாள். “அதுக்கு நாலு நட அலையணும்க்கா. மச்சான் லீவுல வரட்டும், பாத்துக்கலாம்” என்றவன் நான். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வைகாசியில் வண்டி பிடிபட்டது. பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுக்குத் தரை உயர்த்த மண் அடிக்கச் சொல்லியிருக்கிறார். டிரைவர் அனுமதிச்சீட்டு எதுவும் இல்லாமல் வாய்க்கால் கரையில் மண்ணை ஏற்றிவிட்டான். ஜீப் வந்தது. அவன் வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் குதித்து வயலில் இறங்கி ஓடிவிட்டான். எங்கள் பக்கம் டிரைவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். ஆள் சிக்கவில்லையென்றால் கேஸ் இல்லை என்று அவர்கள் நினைப்பு. ஆள் இல்லாத வண்டி என்று எழுதுவது எங்களுக்கும் சௌகரியம்.

அக்கா போன் செய்தாள். “டேய், வண்டியப் புடிச்சிட்டாங்கடா. ஸ்டேஷன்ல நிக்கிதாம். நான் போயி எங்க வண்டிதான், அபராதம் என்னவோ கட்டிடுறோம்னு சொல்லிடவா?”

“அவசரப்படாதக்கா. நம்ம வண்டின்னு போயி நின்னா கேஸ் உம்மேலதான் வரும். கொஞ்ச நாள் போவட்டும், சூடு ஆறட்டும். நான் தாசில்தார்கிட்ட பேசிக்கிறேன்.”

“சரிடா. நீ அங்கயே இருக்கறவன், ஒனக்குத் தெரியாததா” என்று வைத்துவிட்டாள்.

அவளை நான் போகவிடாததற்குக் காரணம் அவள்மேல் வரும் கேஸ் இல்லை. என்மேல் வரும் மெமோ. மண் கேஸ் பார்க்கிற உதவியாளரின் அக்கா வண்டியே மண் கேஸில் என்று தெரிந்தால் ஆபீசில் என்ன பேசுவார்கள், பதவி உயர்வுப் பட்டியலில் என்ன ஆகும் என்று ஓடியது புத்தி. தாசில்தாரிடம் நான் பேசவில்லை. யாரிடமும் பேசவில்லை. பேசிவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். எங்கள் ஆபீசில் எந்தக் காகிதம் நகரவும் ஒரு வருடமாகும், அதற்குள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்பதுதான் என் கணக்கு. எங்கள் சோம்பேறித்தனத்தின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

அக்கா வாரம் ஒருமுறை நீடாமங்கலம் போகும் பஸ்ஸில் அந்த ஸ்டேஷனைக் கடப்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கியதும் போன் செய்வாள். “பின் டயர்ல காத்து எறங்கிடுச்சுடா.” அடுத்த வாரம், “ஸ்டீரிங்ல ஏதோ கொடி ஏறுதுடா.” ஒவ்வொரு தடவையும் நான், “நடக்குதுக்கா” என்பேன். என்ன நடக்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு பட்டியல் வந்தது. பதினோரு வண்டிகள். பதிவு எண், ஆர்.சி.யில் உள்ள பெயர், ஊர். இந்தப் பட்டியல்கள் எப்போதும் வருடக்கணக்கில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளைப் பற்றியதுதான் என்பதால் நான் படிக்கவில்லை. படித்திருந்தாலும் தெரிந்திருக்குமா? அக்கா வண்டியின் எண் எனக்குத் தெரியாது. சேறு பூசிய எண்ணை எவன் படித்தான்? பெயர் தென்னந்தோப்புக்காரருடையது. அவருக்குப் போன பதிவுத் தபால் ‘கதவு பூட்டியுள்ளது’ என்று திரும்பி வந்து ஃபைலில் கிடந்தது. நான் தாளின் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், தலையாரியைக் கூப்பிட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினேன்.

வண்டிகள் பிடிபட்ட ஊர்களில் ஒட்டவேண்டும் என்பது விதி. மூன்றாவதாகப் போனது அக்கா ஊர் ஊராட்சி ஆபீஸ். ரேஷன் கடைக்குப் பக்கத்துச் சுவர். தலையாரி பிடித்தார், நான் படம் எடுத்தேன், அவர் உரித்தார். எதிர்க்கடையில் டீ சொல்லியிருந்தோம். டீ வரும்முன் வேலை முடிந்துவிட்டது. மத்தியானம் ஆகிவிட்டதே என்று அவரை அனுப்பிவிட்டு நான் அக்கா வீட்டுக்குப் போனேன். வாளமீன் குழம்பு வைத்திருந்தாள். “நல்ல நேரத்துக்குத்தாண்டா வந்துருக்க” என்று தலைத் துண்டை எனக்குப் போட்டாள். வண்டி என்னடா ஆச்சு என்றாள். நடக்குதுக்கா என்றேன். சுருட்டிய நோட்டீஸ் என் பையில் இருந்தது. அதில் எட்டாவது வரி அவள் வண்டி. நான் இரண்டாம் தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன்.

புரட்டாசியில் ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு அவள் போன். “வண்டியக் காணும்டா.”

“என்னக்கா சொல்ற?”

“பஸ்ஸ விட்டு எறங்கி உள்ளயே போயிட்டேண்டா. அது ஏலம் போயி ஒரு வாரம் ஆச்சும்மாங்குறாரு போலீஸ்காரரு. யாருடா ஏலம் விட்டது? நம்மகிட்ட கேக்காம எப்படிடா விடுவாங்க?”

விசாரிக்கிறேன் என்று வைத்துவிட்டு பீரோவைத் திறந்தேன். ஃபைலில் எட்டாம் எண்ணுக்கு எதிரே தென்னந்தோப்புக்காரர் பெயர் இருந்தது. அடுத்த பக்கம் போட்டோ. ரேஷன் கடைச் சுவர், தலையாரியின் இரண்டு கை, நடுவில் நோட்டீஸ். கீழே ‘என்னால் ஒட்டப்பட்டது’ என்று என் கையெழுத்து. ஏலத்தில் கலந்துகொண்டவர்கள் மூன்று பேர், மூவரும் ஒரே குடும்பம். பதினோரு வண்டியும் அந்த வீட்டுக்கே போயிருந்தன. ஒரு வருடமாவது ஆகும் என்று நான் நம்பியிருந்த காகிதம் ஏன் நாலே மாதத்தில் நகர்ந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. நான் மட்டும்தான் சோம்பேறி. மற்றவர்கள் எல்லோரும் சுறுசுறுப்பாகத்தான் வேலை பார்த்திருக்கிறார்கள்.

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்குள் சம்பா வந்துவிட்டது. அவள் மறுபடி டிராக்டர்காரர்கள் வாசலில் போய் நின்றாள். முந்தைய வருடம் முதல் உழவு உழுதவள் என்பதால் இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகவே நிற்க வைத்தார்கள். “ஒன் வண்டிதான் இருக்கே, எதுக்கு எங்கிட்ட வர்ற?” என்று ஒருவர் கேட்டாராம். நாற்று முற்றிக் கணு விட்டபிறகுதான் வயல் உழவாயிற்று. நட்டதும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வேர் பிடிக்காத பயிர் மூழ்கிப்போயிற்று.

அக்கா மகள் தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாள். மாமா விசாரிக்கிற லட்சணம் அவளுக்குப் புரிந்திருக்கவேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் அம்மா பெயரில் ஒரு மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிவிட்டாள். இந்த வட்டத்தில் இதுவரை எத்தனை வண்டிகள் பிடித்தீர்கள்? எத்தனையை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தீர்கள்? எத்தனையை ஏலம் விட்டீர்கள், யார் எடுத்தார்கள்? இதையெல்லாம் மக்கள் பார்க்கும்படி எங்காவது போட்டிருக்கிறீர்களா? கடைசிக் கேள்வி: எங்கள் வண்டிக்கான நோட்டீஸ் எங்கே ஒட்டப்பட்டது, எத்தனை நாள் இருந்தது?

குழந்தைக் கையெழுத்துப்போல் குண்டு குண்டாக அக்காவின் கையெழுத்து கீழே இருந்தது. அந்த மனு யார் மேசைக்கு வரும்? என் மேசைக்குத்தான் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன். முதல் மூன்று கேள்விக்கும் பதில் என் முதுகுக்குப் பின்னால் பீரோவில் இருந்தது. பறிமுதல் பதிவேடு என்று நீளமான நோட்டு ஒன்று. அதை எடுத்து நகல் போட்டால் அரைமணி நேர வேலை. ஆனால் அதைப் புரட்டுகிற எவனுக்கும், பக்கத்துக்குப் பக்கம் ஏலம் எடுத்தது ஒரே வீடு என்று தெரிந்துவிடும். நான் பதில் வரைவு எழுதினேன். ‘கோரப்பட்ட தகவல் தொகுக்கப்பட்ட வடிவில் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.’ ‘மூன்றாம் நபர் சார்ந்த தகவல் என்பதால் வழங்க இயலாது.’ ‘விதிகளின்படி அறிவிப்பு ஒட்டப்பட்டது.’ என் அக்கா வண்டியைத் தின்றவன் மூன்றாம் நபராம், அவன் பெயரை நாங்கள் காப்பாற்றவேண்டுமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான். தகவல் அலுவலர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அக்கா வீட்டுக்கு நானே எழுதிய பதில் தபாலில் போயிற்று.

இதோடு விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். விடவில்லை, மேல்முறையீடு போட்டாள். கோட்டாட்சியர் ஆபீசில் விசாரணை. தாசில்தார் என்னைக் கூப்பிட்டு, “ஃபைல் ஒங்கிட்டதானய்யா இருக்கு, நீயே போய்ட்டு வந்துடு” என்றார். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

அக்கா எனக்கு முன்பே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலப் புடவை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது. தம்பி துணைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்திருக்கிறாள். உள்ளே கூப்பிட்டார்கள். நான் ஃபைலோடு மேசையின் அந்தப் பக்கம் போய் நின்றபோதுதான் அவள் முகம் மாறியது. அப்போதும் கோபம் இல்லை, என்னடா இது என்பதுபோல் பார்த்தாள்.

கோட்டாட்சியர் வயதில் சின்னப் பெண். நல்ல மாதிரி. “உக்காருங்கம்மா. என்ன வேணும், சொல்லுங்க” என்றார்.

“வண்டியத் திருப்பிக் குடுங்கன்னு கேக்க வரலிங்கம்மா. அது போச்சு. நோட்டீசு ஒட்டுனோம்னு எழுதியிருக்காங்க. ரேஷன் கட செவுத்துல ஒட்டுனதாத்தான் ஊராட்சி ஆபீஸ்லயும் சொல்றாங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு அந்தச் செவுத்துப் பக்கம்தாங்க நான் போறேன். எங்கண்ணுல படல. எங்க ஊருல ஒருத்தரு கண்ணுலயும் படல. எத்தன நாளுதாங்க அது இருந்துச்சு?”

அந்த அம்மாள் என்னிடம் திரும்பினார். “எத்தனை நாள் சார் இருந்தது?”

“விதிப்படி பதினஞ்சு நாள் மேடம்.”

“ஒட்டினது யாரு?”

போட்டோ இருந்த பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். “நான்தான் மேடம்.”

அவர் அந்தப் பக்கத்தை அக்கா பக்கம் திருப்பிக் காட்டினார். அக்கா குனிந்து பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். தேதியின்மேல் விரலை வைத்தாள். அது நான் அவள் வீட்டில் சாப்பிட்ட நாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு நெற்றியிலிருந்து வேர்வை மேசையில் சொட்டியது.

“என்ன சார், ஒரு மாதிரி இருக்கீங்க?” என்றார் கோட்டாட்சியர். என்னையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. “இவங்க ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். சொந்த அக்காவின் வண்டிக்குத் தம்பியே நோட்டீஸ் ஒட்டி, தம்பியே பதிலும் எழுதியிருக்கிறான் என்றால் அந்த அம்மாள் அந்த ஏலத்தைத் தோண்டாமல் விட்டிருக்கமாட்டார். பதிவேடு வெளியே வந்திருக்கும். வண்டிகூடத் திரும்பி வந்திருக்கலாம். என் வேலை போயிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்தது என்பதை அவள் கண்ணில் பார்த்தேன்.

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். “இல்லிங்கம்மா. சார இன்னிக்கித்தான் பாக்குறேன்.”

கோட்டாட்சியர் என்னைப் பார்த்தார். நானும், தெரியாது என்று தலையாட்டினேன்.